வேலை முடிந்த சாமான்களைத் தேடி: கிருஷ்ணகிரி, தருமபுரிப் பயணக் குறிப்புகள்

ஞாயிறு, போச்சம்பள்ளி

போச்சம்பள்ளிச் சந்தை ஞாயிற்றுக்கிழமை கூடும். ஆடு, மாடு, கோழி, புளி, மிளகாய், கயிறு, மண்வெட்டி, மண்சட்டி என்று கிராமத்து வீட்டுக்கு வேண்டிய அத்தனையும் வந்து இறங்கும். புடவைக்குப் பெயர்போன போச்சம்பள்ளி தெலங்கானாவில் இருக்கிறது. இது கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளி. வீட்டுக்குப் பழைய சாமான் தேடும் இந்தப் பயணத்தை இங்கிருந்து தொடங்கியதற்குக் காரணம் உண்டு. கைவினைப் பொருள் கடைகளில் ஒரு சாமான் 'அலங்காரப் பொருள்' ஆகிவிட்ட பிறகுதான் நம் கண்ணில் படுகிறது. சந்தையில் அது இன்னும் சாமானாகவே இருக்கும்.

கோயம்புத்தூரில் எங்கள் புது வீட்டுக் கூடத்தில் அலமாரியும் சுவரும் காலியாகக் கிடக்கின்றன. ஆலையில் அச்சடித்ததுபோல் வரும் புத்தர் தலையையும் பிளாஸ்டிக் ஆப்பிரிக்க முகமூடியையும் வாங்கி நிரப்ப எனக்கு மனமில்லை. பல ஊர், பல இனத்து மக்களின் பொருள்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் பெரியது. இந்த எல்லைப்புறத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, லம்பாடி எல்லாம் புழங்குகின்றன. ஆகவே வெகுதூரம் போக வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

சந்தையின் ஓரத்தில் ஒருவர் பழைய இரும்பும் பித்தளையும் குவித்து வைத்திருந்தார். கூஜா, பாக்குவெட்டி, மூக்கு வைத்த கெண்டி, கைப்பிடி உடைந்த தூக்கு. நடுவில் ஒரு படி. விளிம்புக்குக் கீழே சின்னச் சின்னதாக முத்திரைகள் குத்தியிருந்தன. அளவு சரியாக இருக்கிறது என்று சோதித்ததற்கான அடையாளம். எட்டு ஆழாக்கு ஒரு படி. 1956இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்த பிறகு லிட்டரும் கிலோவும் நுழைந்து, படி மெல்ல மெல்லக் கடையை விட்டு வெளியேறியது. இந்தப் படி எத்தனை கல்யாண வீட்டு அரிசியை அளந்ததோ! பேரம் பேசாமல் வாங்கினேன். கெண்டியையும் வாங்கினேன்.

அதே வரிசையில் இன்னொருவர் ஒரு குத்துவிளக்கைக் காட்டி, "நூறு வருசத்து வெண்கலம்மா" என்றார். விரலால் சுண்டிப் பார்த்தேன். செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம் சுண்டினால் நீளமாக ரீங்கரிக்கும். செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளை சீக்கிரம் அடங்கிவிடும். அது சீக்கிரம் அடங்கியது. இதைவிட நல்ல சோதனை தேய்மானம். உண்மையிலேயே நாள்பட்ட விளக்கு, கை பிடிக்கும் தண்டிலும் திரி வைக்கும் மூக்கிலும் மழுங்கியிருக்கும்; பள்ளங்களில் கறுப்பு தங்கியிருக்கும். அமிலம் தடவிப் பழசாக்கியதில் மேடு, பள்ளம் எல்லாம் ஒரே கறுப்பு. விளக்கை வணங்கி வைத்துவிட்டு வந்தேன்.

இரவு கிருஷ்ணகிரியில் அத்தை வீடு. வாங்கியதை எல்லாம் கூடத்தில் பரப்பியதும் அத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "வேல முடிஞ்ச சாமானா பாத்து எடு கண்ணு. வேலயில இருக்கறத ஆசப்பட்டு வாங்கிட்டா, அந்த வீட்டுக்காரிக்கு மறுநாள் கை ஓடாது" என்றார். இந்தப் பயணம் முழுக்க அத்தை சொன்னதை வைத்தே ஒவ்வொரு பொருளையும் பார்க்கப் போகிறேன்.

திங்கள், கிருஷ்ணகிரி பழையபேட்டை

சையத் பாஷா மலைக் கோட்டையைப் பார்த்தபடி இருக்கிறது பழையபேட்டை. பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதி ஹைதர் அலி, திப்பு சுல்தான் கையில் இருந்து, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. இங்கே தக்கிணி உருது பேசும் குடும்பங்கள் நிறைய. என் கல்லூரித் தோழி வீடும் அதில் ஒன்று.

அவளுடைய தாதிமா, அதாவது பாட்டி, ஒரு பான்தான் வைத்திருக்கிறார். செம்பில் செய்த வட்டமான வெற்றிலைப் பெட்டி. உள்ளே சுண்ணாம்புக்கும் காசுக்கட்டிக்கும் பாக்குக்கும் தனித்தனிக் கிண்ணங்கள். மேல் தட்டை எடுத்தால் கீழே ஈரத்துணியில் வெற்றிலை. மூடியில் கொடியும் பூவுமாகச் செதுக்கல். நான் அதைப் பார்த்த பார்வையைத் தாதிமா கண்டுகொண்டார். "இது என் கல்யாணத்துக்கு வந்தது. தினமும் நாலு வேளை திறக்கிறேன் பேட்டி (மகளே)" என்று சிரித்தார். வேலையில் இருக்கும் சாமான். கேட்கவே இல்லை.

அதன் உள்பக்கம் ஈயம் போய்ச் செம்பு தெரிந்தது. செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் புளிப்புச் சேர்ந்தால் உலோகம் கரைந்து உடம்புக்குள் போகும். அதனால்தான் ஈயம் பூசுகிறார்கள். தெருவில் ஒருவர் இன்னும் இந்த வேலை செய்கிறார் என்று தோழி சொல்ல, பான்தானின் கிண்ணங்களையும் என் கெண்டியையும் எடுத்துக்கொண்டு போனோம்.

ஒரு மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். கரி அடுப்பில் துருத்தி ஊதி, கிண்ணத்தைக் குறட்டால் பிடித்துக் காய்ச்சுகிறார். நவச்சாரப் பொடியைத் தூவியதும் வெள்ளைப் புகை மூக்கை அறுக்கிறது. உலோகத்தின் அழுக்கு கழன்றுகொள்கிறது. சூடான பரப்பில் வெள்ளீயக் குச்சியை ஒரு கோடு இழுத்து, அது உருகிய நொடியில் பஞ்சால் சுழற்றி வழிக்கிறார். பழுப்பாக இருந்த கிண்ணம் வெள்ளி நிறத்துக்கு மாறுவது கண்ணெதிரே நடக்கிறது. பழைய பாத்திரம் வாங்குபவர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று: பூசுவது வெள்ளீயம்தானா? காரீயம் கலந்தால் விஷம்.

தோழி வீட்டு அலமாரியில் ஒரு சிறிய பீதர் ஜாடியும் இருந்தது. கர்நாடகத்து பீதரில் செய்வது. துத்தநாகத்தில் கொஞ்சம் செம்பு சேர்த்து வார்த்து, செதுக்கி, பள்ளத்தில் வெள்ளிக் கம்பியை அடித்து இறக்குவார்கள். கடைசியில் பீதர் கோட்டைக்குள் எடுக்கும் பழைய மண்ணையும் நவச்சாரத்தையும் கலந்து பூசினால் துத்தநாகம் மட்டும் கன்னங்கரேலென்று கறுக்கும், வெள்ளி அப்படியே மின்னும். பித்தளைபோல இதைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டால் அந்தக் கறுப்பு போய்விடும். தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

செவ்வாய், தேன்கனிக்கோட்டைப் பக்கம்

பட்டுப்புழு வளர்க்கும் ஊர்கள். மல்பெரித் தோட்டம், பக்கத்தில் புழு மனை. நான் தேடிப் போனது சந்திரிகை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏறக்குறைய ஆறடிக்கு நாலடியில் ஒரு மூங்கில் பாய். அதன்மேல் இரண்டு விரல் உயரத்துக்கு மூங்கில் பட்டையைச் சுருள் சுருளாக நிற்க வைத்துக் கட்டியிருப்பார்கள். இலை தின்பதை நிறுத்தி, உடம்பு பளபளப்பாகும் புழுக்களைப் பொறுக்கி இதில் விடுவார்கள். ஒரு சந்திரிகையில் ஆயிரம் புழுவுக்கு மேல் கொள்ளும். ஒவ்வொன்றும் அந்தச் சுருளின் இடுக்கில் இடம்பிடித்து, தலையை எட்டுப் போடுவதுபோல் ஆட்டி ஆட்டி, ஆயிரம் மீட்டர் அளவுக்குக்கூட ஒரே இழையைத் தன்னைச் சுற்றி நூற்றுக்கொள்ளும். இப்போது பல மனைகளில் மடக்கி வைக்கக்கூடிய பிளாஸ்டிக் நெட்ரிகா வந்துவிட்டது. கழுவுவது சுலபம், இடமும் அடைக்காது. விவசாயியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு வீட்டில் மாட்டுக் கொட்டகைப் பரணில் பழைய சந்திரிகைகள் சாய்த்து வைத்திருந்தார்கள். வீட்டுக்கார அம்மா தெலுங்கு கலந்த தமிழில், "அடுப்புக்குன்னு வெச்சிருந்தோம், உனக்கு எதுக்கும்மா?" என்று கேட்டார். சுவரில் மாட்ட என்றதும் நம்பாமல் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். தூசி தட்டி வெயிலில் நிமிர்த்தினோம். மூங்கில் இடுக்குகளில் பட்டு இழைத் துணுக்குகள் இன்னும் ஒட்டியிருந்தன. மூங்கில் தேன் நிறத்துக்குப் பழுத்திருந்தது. வேலை முடிந்த சாமானுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். என் கூடத்துச் சுவரில் எந்த ஓவியத்தையும்விட இது அழகாக இருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். பணம் வாங்க மறுத்தார்கள். அடுப்புக்கு விறகு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் கொடுக்க முடிந்தது.

திரும்பும் வழியில் ஓசூரில் சென்னப்பட்டணத்துச் சொப்புச் சாமான் ஒரு பெட்டி வாங்கினேன். இது புதுசு. கடைசல் மரம் பெரும்பாலும் வெட்பாலை. மரம் சுழலும்போதே நிறம் சேர்த்த அரக்கை அழுத்த, உராய்ந்த சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு சேர்ந்துகொள்ளும். மெருகேற்றத் தாழை மடல். உயிரோடு இருக்கும் ஒரு தொழிலின் பொருளைப் பழசாகத் தேடுவதைவிடப் புதிதாக வாங்குவதுதான் அந்தக் கைகளுக்கு நாம் செய்யும் உதவி.

புதன், தருமபுரி

தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களுக்கு முன்னால் காலை முழுவதும் போயிற்று. ஆநிரை கவர வந்தவர்களோடு சண்டையிட்டு மாடுகளை மீட்டு இறந்தவர்களுக்கு ஊர் நட்ட கற்கள். கையில் வில், இன்னொரு கையில் குறுவாள், உடம்பில் தைத்த அம்புகள், மேலே வட்டெழுத்து. பல்லவர் காலக் கற்கள் சிலவற்றில் வீரனின் காலருகே கெண்டியும் சிமிழும் செதுக்கியிருப்பார்கள். நேற்று முன்தினம் ஈயம் பூசிய என் கெண்டிக்கும் கல்லில் இருக்கும் கெண்டிக்கும் மூக்கு வளைவு ஒன்றுதான். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பாத்திரம் தன் உருவத்தை மாற்றிக்கொள்ளவில்லை! அதைக் கண்டபோது உண்மையாகவே உடம்பு சிலிர்த்தது.

தகடூர் என்ற பழைய பெயர் கொண்ட ஊர் இது. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் அவன் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டி, வடித்த கள்ளைச் சிறு கலத்தில் ஊற்றினார்கள் என்று ஔவை பாடியிருக்கிறார்.

மாலையில் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு வயல் வரப்பில் நிற்கும் நடுகல்லைப் பார்க்கப் போனோம். சுண்ணாம்பு அடித்து, மஞ்சள் குங்குமம் வைத்து, முன்னால் மூன்று கல்லில் பொங்கல் வைத்த கரி. எழுத்து இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை. கூட வந்த ஆட்டோக்காரர், "இந்த மாதிரிக் கல்லுக்கு வெளியூர்ல நல்ல வெல குடுக்கறாங்களாமே" என்றார். வரப்புக்காரப் பெரியவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "வேடியப்பன வெலைக்குக் குடுப்பியா நீ?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கல்லைச் சாமியாகக் கும்பிட்டு அழைக்கும் பெயர் அது.

இந்த இடத்தில் கொஞ்சம் கறாராகவே எழுதிவிடுகிறேன். நடுகல், கோயில் சிலை, வயலில் கிடைத்த தாழி, நாணயம் இவை எதுவும் வீட்டு அலங்காரத்துக்கு உரியவை அல்ல. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய சிற்பமும் ஓவியமும் தொல்பொருள். வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும், விற்பவருக்கு உரிமம் வேண்டும், தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. சுவடிக்கு 75 ஆண்டே போதும். மண்ணுக்கு அடியில் கிடைத்த புதையலைப் பற்றி ஆட்சியருக்குச் சொல்ல வேண்டும் என்பது 1878லிருந்து இருக்கும் சட்டம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பர்கூர் அருகே மயிலாடும்பாறையில் அகழ்ந்தெடுத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள். அந்தக் காலக் கணிப்பு அதே மண்ணடுக்கில் கிடைத்த கரியிலிருந்து வந்தது. அந்த இரும்பை எவரோ முன்பே தோண்டி எடுத்து அலமாரியில் வைத்திருந்தால் அது வெறும் துருப்பிடித்த துண்டு. இடத்தை விட்டுப் பெயர்த்த நொடியில் அதன் வரலாறு போய்விடும்.

வியாழன், ஒகேனக்கல்

ஆற்றில் நல்ல தண்ணீர். பரிசலை முன்பு மூங்கிலில் பின்னித் தோல் போர்த்துவார்கள், இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். பரிசலை வீட்டு முற்றத்தில் கவிழ்த்து வைக்கும் ஓட்டல்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிப்பதில்லை. பென்னாகரம் சாலையில் மூங்கில் பின்னும் ஒரு குடும்பத்திடம் முறமும் மூடிக் கூடையும் சொல்லி வாங்கினேன். புது முறத்தைச் சாணமும் ஊறவைத்து அரைத்த வெந்தயமும் சேர்த்து மெழுகிக் காயவைத்தால் இடுக்கு அடையும், பூச்சியும் அண்டாது என்று அந்த அக்கா சொல்லிக் கொடுத்தார். மீன் சாப்பிட்டுவிட்டு சீக்கிரமே படுக்கை.

வெள்ளி, சிட்டிலிங்கி

அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகப் பேருந்து. ஒருபக்கம் சித்தேரி மலை, மறுபக்கம் கல்வராயன் மலை, நடுவில் பள்ளத்தாக்கு. மலையாளிப் பழங்குடிகளும் லம்பாடிகளும் வாழும் இடம். 1993இல் மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் இங்கே ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். அதன் தொடர்ச்சியாக வந்தவற்றில் ஒன்றுதான் லம்பாடிப் பெண்களின் 'போர்கை' கைவினை அமைப்பு. இந்தப் பயணத்தில் நான் மிகவும் ஆவலோடு காத்திருந்த நாள் இது.

லம்பாடிகள் ஒரு காலத்தில் மாட்டுப் பொதிகளில் உப்பும் தானியமும் ஏற்றி, படைகளுக்குப் பின்னால் நாடு முழுக்க நடந்த வணிகர்கள். ஓரிடத்தில் தங்காதவர்களுக்குச் சுவர் ஏது, அலமாரி ஏது? தங்களிடம் இருந்த அழகை எல்லாம் உடுத்தும் துணியிலேயே தைத்துக்கொண்டார்கள். பேட்டியா என்கிற பாவாடை, காஞ்சலி என்கிற ரவிக்கை, தலைக்கு முக்காடு. எல்லாவற்றிலும் கண்ணாடித் துண்டு, சோழி, காசு, சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக நூல்.

சிட்டிலிங்கியில் இந்தத் தையல் ஏறக்குறைய போய்விட்டிருந்தது. ஊர்ச் சேலைக்கு மாறி இரண்டு தலைமுறை ஊசியைத் தொடவில்லை. வயதான சில பெண்களின் கையிலும் பெட்டிகளின் அடியிலும் மிஞ்சியிருந்ததைக் கொண்டுதான் திரும்பக் கற்றுக்கொண்டார்கள். இன்று தாண்டாக்களில் (லம்பாடிக் குடியிருப்புகளில்) பெண்கள் வீட்டு வேலை, கொல்லை வேலை முடித்துத் திண்ணையில் உட்கார்ந்து தைக்கிறார்கள். தலையணை உறை, பை, விரிப்பு, சட்டை.

ஓர் ஆயா தன் மாமியாரின் பேட்டியாவை எடுத்து வந்து மடியில் விரித்தார். சாயம் மங்கி, ஓரம் கிழிந்து, கண்ணாடிகள் சில உதிர்ந்து கிடந்தது. பெருநகரத்தில் இதைக் கண்ணாடிச் சட்டகத்தில் போட்டுச் சுவரில் மாட்ட ஆள் இருக்கிறார்கள், நல்ல விலையும் கொடுப்பார்கள். எனக்கும் கை துறுதுறுத்தது. அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், பாவாடையின் ஓரத்தைத் திருப்பிப் பின்பக்க முடிச்சை எண்ணிப் பார்த்துத் தன் துணியில் அதேபோல் ஊசியை இறக்கினாள். முன்பக்கம் பார்த்தால் பூ தெரியும். ஊசி எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்பியது என்பது பின்பக்கத்தில்தான் தெரியும். கிழிந்த அந்தப் பேட்டியாவின் வேலை முடியவில்லை. உடுத்தும் வேலை போய்க் கற்றுக்கொடுக்கும் வேலை வந்திருக்கிறது. அது என் சுவருக்கு வந்தால், அந்த வீட்டுப் பேத்தி தையலைப் பார்த்துக்கொள்ள எங்கே போவாள்?

"இது வேண்டாம் ஆயா, பத்திரமா வெச்சிக்குங்க" என்று சொல்லி, பழந்துணியை எப்படி வைப்பது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் மடிப்பிலேயே அறும். துவைத்த வெள்ளைக் காடாத் துணியோடு சேர்த்துச் சுருட்டி வைக்க வேண்டும். நாப்தலின் உருண்டை கண்ணாடிக்கும் காசுக்கும் நடுவே உருளாமல், தனியே முடிந்து வைக்க வேண்டும். ஆயா கேட்டுக்கொண்டு, "வேப்பெலதான் போடுவோம்" என்றார். அதுவும் சரி.

அவர் கையில் பழைய வெள்ளை வளையல்கள் இரண்டு. முழங்கைக்கு மேல் வரிசையாக அடுக்கும் வளையல்கள் முன்பு தந்தத்தில் இருந்தன, இப்போது பிளாஸ்டிக். பழங்குடி நகை என்று யாராவது தந்தம் நீட்டினால் தொடவே கூடாது. விற்பதும் வாங்குவதும் குற்றம்.

நான் புதிதாக ஒரு விரிப்புக்குச் சொல்லியிருக்கிறேன். கருநீலத் துணியில், ஆயாவின் பேட்டியா ஓரத்தில் இருந்த அதே தையல். நிறம் அவர்கள் விருப்பம் என்று விட்டுவிட்டேன். ஆறேழு வாரம் ஆகும், நடுவில் நாற்று நடவு வந்தால் இன்னும் தள்ளும் என்றார்கள். சொன்ன விலையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. ஒரு சாண் அகலம் தைக்க எத்தனை நேரம் ஆகிறது என்பதை உட்கார்ந்து பார்த்த பிறகு யாருக்கும் பேரம் பேச நா எழாது.

சனி, கிருஷ்ணகிரி

அத்தை வீட்டு ஜன்னலோரத்தில் பர்மாப் பெட்டி ஒன்று உண்டு. மாமாவின் அப்பா ரங்கூனில் வேலை பார்த்துத் திரும்பியபோது கொண்டுவந்த வெற்றிலைப் பெட்டி. மூங்கில் பின்னலின்மேல் ஒரு மரத்தின் பாலைப் பல தடவை பூசிக் காயவைத்து, ஊசிமுனையால் கீறி நிறம் ஏற்றுவார்கள். சென்னப்பட்டணத்து அரக்கு பூச்சி தருவது, பர்மாவுடையது மரம் தருவது; இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க எனக்கு ஆசை. திறந்தால் உள்ளே ரேஷன் அட்டை, மாமாவின் சர்க்கரை மாத்திரை, மின் கட்டண அட்டை. அத்தை தினமும் திறப்பது. மூடி வைத்துவிட்டேன். வெயில் படும் ஜன்னலோரத்திலிருந்து உள் அலமாரிக்கு மட்டும் மாற்றச் சொன்னேன். வெயிலில் அந்தப் பூச்சு விண்டுவிடும்.

பதிலுக்கு அத்தை காட்டியது கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லுக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்த திருகைக்கல். ராகி அரைத்த கல். மாவு மில் வந்த பிறகு யாரும் தொடவில்லை. மேல்கல்லும் கீழ்கல்லும் இருக்கின்றன, நடுக் கம்பியும் மரப் பிடியும் இல்லை. அரைப்பதற்காகக் கல்லில் கொத்திய பொளி மழுங்கியிருக்கிறது.

அம்மி கொத்துகிறவர் ஒருவரைக் காவேரிப்பட்டினத்திலிருந்து வரச் சொல்லியிருக்கிறோம். மையத்திலிருந்து விளிம்புக்குப் புதுசாகப் பொளி போட்டுத் தருவார். பிடிக்குப் புளிய மரக் கட்டை போதும் என்கிறார் மாமா. கல்லைக் கூடத்தில் பார்வைக்கு வைக்கப் போவதில்லை. சமையலறை ஓரத்தில் வைத்து, ராகியும் உளுந்தும் உடைக்கப் போகிறேன். முதலில் ஒரு படி தவிட்டை அரைத்துக் கல் பொடி போன பிறகுதான் தானியம் போட வேண்டும் என்று அத்தை சொல்லியிருக்கிறார். அளக்கப் போச்சம்பள்ளிப் படி இருக்கிறது.

சந்திரிகையைப் பேருந்தில் ஏற்ற முடியாது. திருகையோடு சேர்த்து, கோவைக்கு மாங்காய் ஏற்றிப் போகும் வண்டியில் அனுப்புவதாக மாமா பேசிவிட்டார்.